விலாவில் கேட்ட கிதார்

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

இன்று முதல் நாற்பது நாள் இறைச்சி இல்லை, காப்பியில் சர்க்கரை இல்லை, கிறிஸ்டோபெல்லுடன் வாக்குவாதம் இல்லை. மூன்றாவது ஒறுத்தல் காலை ஒன்பது மணிக்கே முறிந்தது.

கிறிஸ்டோபெல் என் கணவர் பெர்னார்டின் தங்கை. மாடியில் குடியிருக்கிறாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுத் திரைச்சீலையை ஆட்டினாள்.

"பத்து நிமிஷமா பெல் அடிக்கிறேன் அண்ணி. உள்ள தூக்கமா?"

நான் பகலில் தூங்குவதில்லை. எழுபத்து நான்கு வயதில் ஒரு நாளும் தூங்கியதில்லை. அழைப்பு மணி பழுது. அதை ஒப்புக்கொள்ளாமல் என்னையே குறை சொன்னாள். நானும் சொன்னேன்.

மாலையில் எலும்பு மருத்துவர். இடது கை விரல் மூட்டுகள் மூன்று வீங்கியிருக்கின்றன. "கிதாரை விட்டுடுங்கம்மா. முடியாதுன்னா, கம்மியா அழுத்துற மாதிரி ஒண்ணைத் தேடுங்க" என்றார். விட முடியாது. 1984 முதல், கொரோனாவில் கோயில் பூட்டியிருந்த ஓர் ஆண்டு நீங்கலாக, நாற்பது பாஸ்கா இரவுகளில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவுத் திருப்பலியில், வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டுக்கு வாசித்தவள் நான். நாற்பத்தொன்றாவது ஏப்ரல் 19 அன்று வருகிறது. எலெக்ட்ரிக் கிதாருக்குத் தந்தி மெல்லியது, விரலுக்கு நோகாது என்கிறார்கள். ஆகவே எலெக்ட்ரிக்.

திருச்சி கான்வென்டில் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் சொல்லிக்கொடுத்த பழக்கம்: ஒரு நாளுக்கு ஒரு நன்றி. இரண்டு எழுதினால் அது பகட்டு.

இன்றைய நன்றி: "விட்டுடுங்க" என்பதோடு நிறுத்தாமல் இன்னொரு வாக்கியமும் சொன்ன மருத்துவருக்கு.

மார்ச் 8, சனி

பாடற்குழு ஒத்திகை. பெலிக்ஸிடம் எலெக்ட்ரிக் பற்றிச் சொன்னேன். எங்கள் குழுத் தலைவன், கீபோர்டு வாசிப்பவன், வங்கியில் வேலை. நல்ல பையன், நாற்பத்தாறு வயது. மகிழ்வான் என்று நினைத்தேன். முகம் ஏனோ வாடியது.

"ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வேணாம் எமி ஆன்ட்டி. ஒயரை நேரா கோயில் சவுண்ட் மிக்ஸர்ல சொருகிடலாம். நான் பாத்துக்கிறேன்."

இதே வாக்கியத்தை மூன்று முறை சொன்னான். வர வர எல்லோருமே உதட்டுக்குள் பேசுகிறார்கள். தொலைபேசி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்தவள் நான். இரைச்சலுக்கு நடுவில், லைனின் அந்தப் பக்கம் இருப்பவர் மதுரையா கோட்டயமா என்பதை "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே சொல்லியிருக்கிறேன். அன்று மக்கள் வாயைத் திறந்து பேசினார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

திருப்பலி முடிந்து வாசலில் மாசிலாமணியின் வழக்கமான தர்பார். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறை சொல்வது அவர் பொழுதுபோக்கு. இன்று கீபோர்டு அதிகம், மின்விசிறி குறைவு, பிரசங்கம் நீளம். எனக்கு வெறும் தலையசைப்பு. முன்பெல்லாம் என்னையும் விட்டதில்லை. ஆறேழு மாதங்களாக என் கிதாரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மாசிலாமணியே வாயடைத்துப்போகும் தரத்துக்கு வந்துவிட்டேன் என்று கொள்ளலாம். தவக்காலத்தில் இப்படி எழுதக் கூடாதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

எலெக்ட்ரீஷியன் வந்து அழைப்பு மணி சரியாகவே இருக்கிறது என்றார். அவர் அழுத்தினார், நான் உள்ளே நின்றேன். ஒன்றும் இல்லை. "அடிக்குதேம்மா" என்கிறார். வேலை தெரியாதவர்களுக்கு வாய் மட்டும் உண்டு.

மார்ச் 13, வியாழன்

புரசைவாக்கம் போய் குப்புராஜைப் பார்த்தேன். கிதார் பழுது பார்ப்பவர், பழைய கிதார் விற்பவர். இருபது ஆண்டு மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். கடையில் ஒரு நாற்காலி. அதில் வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டு அவர் நிற்பார்.

இரண்டு கிதார்களை எடுத்து வைத்தார். ஒன்று சாலிட் பாடி. ஒரே கட்டையில் அறுத்தது, உள்ளே வெற்றிடமே இல்லை. இன்னொன்று செமி ஹாலோ. மேற்பலகையில் வயலினில் உள்ளதுபோல இரண்டு வளைந்த துளைகள்.

"சாலிட்ல கட்டை கம்முனு இருக்கும் மேடம், தந்தி மட்டும்தான் பேசும். இதுல நடுவுல ஒரு கட்டை, ரெண்டு பக்கமும் காலி. தந்தி பேசினா உடம்பும் சேர்ந்து பேசும். சில நேரம் யாரும் கேக்காமலேயே பேசும். அதான் அதோட கொழுப்பு."

"எது நல்லது?"

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேக்காதீங்க. ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோங்க, ஒவ்வொண்ணா. எதைக் கீழ வைக்க மனசு வரலையோ அது உங்களுது."

ஒரு சின்ன ஆம்பும் கொடுத்தார். முதலில் சாலிட் பாடியை எடுத்துக்கொண்டேன். கேட்காமல் பேசுகிறவள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

இன்றைய நன்றி: குப்புராஜ் கடையின் நாற்காலி.

மார்ச் 14, வெள்ளி

குளியலறை எடைக் கருவியில் கிதாரோடும் கிதார் இல்லாமலும் ஏறி நின்றேன். நாலரைக் கிலோ. பச்சைக் குழந்தையைவிடக் கனம். ஆனால் விரலுக்குச் சுகம். தொட்டாலே தந்தி பணிகிறது. அரை மணி நேரம் வாசித்தும் மூட்டு வலிக்கவில்லை. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சவம். ஆம்பில் இரண்டாம் எண்ணில் வைத்துப் பார்த்தேன், அப்போதும் மெலிவு. மூன்று, நான்கு, ஆறு.

கிறிஸ்டோபெல் இறங்கி வந்தாள். இரண்டு காதிலும் விரல்.

"அண்ணி, கேஸ்காரன் சிலிண்டரை நடுத்தெருவுல எறக்கி வச்சுட்டு நின்னு கேக்குறான். கச்சேரி எப்ப முடியும்னு கேட்டுச் சொல்லச் சொன்னான்."

மாடியில் இருப்பவர்களுக்குச் சத்தம் மேலே ஏறும். அது இயற்பியல்.

மார்ச் 15, சனி

ஒத்திகைக்குச் சாலிட் பாடியோடு போனேன். பெலிக்ஸ் சொன்னபடி ஒயரை மிக்ஸரில் சொருகினோம். அவனுக்கு நிம்மதி. "சூப்பர் ஆன்ட்டி, இதையே வச்சுக்கலாம்" என்றான். எனக்குத்தான் ஏதோ குறை. கட்டை மடியில் இருந்தது. இசை வேறெங்கோ நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் இரண்டு ஊர்களை இணைத்துவிட்டு நடுவில் நான் விலகிக்கொண்டதுபோல.

ஸ்ருதி காட்டும் டியூனர் கருவி ஒன்றைப் பெலிக்ஸ் நீட்டினான். காது இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கருவி என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

பருப்பு அடிப்பிடித்தது. குக்கர் ஒரு விசில்கூட விடவில்லை. மாடியிலிருந்து கிறிஸ்டோபெல் ஒன்பது எண்ணினாளாம். அது பக்கத்து வீட்டு விசிலாக இருக்கும். புது வெயிட் வாங்க வேண்டும்.

முருங்கை மரத்து அணில்கள் இந்த ஆண்டு சத்தமே போடுவதில்லை. வாலை மட்டும் வெட்டி வெட்டி ஆட்டுகின்றன. வெயிலின் கொடுமை.

மார்ச் 21, வெள்ளி

சாலிட் பாடியைத் திருப்பிக் கொடுத்து, செமி ஹாலோவை எடுத்து வந்தேன். அடர்ந்த சிவப்பு. மூன்றேகால் கிலோ. ஆம்பில் சொருகாமலே மடியில் வைத்து ஒரு முறை வருடினேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இடது மார்புக்குக் கீழே, விலா எலும்பில், யாரோ "ம்" என்றார்கள்.

பெர்னார்ட் போன பிறகு, ஆறு ஆண்டுகளில், இவ்வளவு அருகில் யாரும் பதில் சொன்னதில்லை. அசட்டுத்தனம். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனாவால் எழுதியது, இருக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

மதியம் முழுவதும் ஸ்ருதி சேர்த்தேன். இரண்டு தந்திகள் சேரவில்லை என்றால் விலாவில் ஒரு துடிப்பு தட்டுகிறது. சேரச் சேரத் துடிப்பு மெதுவாகிறது, சேர்ந்ததும் அடங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் தெளிவு. சாலிட் பாடியில் இது இல்லை. என் பழைய மரக் கிதாரில் இருந்திருக்க வேண்டும், ஏன் கவனிக்கவில்லை? தேவைப்படவில்லை போலும்.

மார்ச் 29, சனி

பெலிக்ஸ் என் கிதாரைத் தந்தி தந்தியாகத் தட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தட்டினான்.

"யார் ஆன்ட்டி டியூன் பண்ணது?"

"பரிசுத்த ஆவி."

"இல்ல, நெஜமா. ஆறும் கரெக்டா இருக்கு."

கரெக்டாக இருப்பதில் என்ன வியப்பு? ஒரு நாளாவது இல்லாமல் இருந்திருக்கிறதா? ஆனால் பையனின் கண் கலங்கியிருந்தது. வங்கியில் ஆண்டு முடிவுக் கணக்கு, ஓய்வில்லை, பாவம்.

அடுத்த வாரம் ஆம்பையும் கொண்டுவரப் போகிறேன். மிக்ஸர் வழியே போவது எங்கோ போகிறது. இந்தச் சத்தம் என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்றைய நன்றி: வளைந்த துளைகள் இரண்டு. (ஒரு கிதாரின் இரண்டு துளைகள் ஒரே நன்றிதான்.)

ஏப்ரல் 5, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆம்பை வழக்கமான என் இடத்தில், ஸ்பீக்கர் தொங்கும் தூணருகே வைத்தேன். வானவர் கீதத்தை ஒத்திகை பார்த்தோம். தவக்காலத்தில் அதைத் திருப்பலியில் பாடுவதில்லை, ஒத்திகையில் பாடலாம். இரண்டாம் அடியில் கிதார் நடுங்கத் தொடங்கியது. நான் தொடாத தந்தி அதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது. வினோதமாக இருந்தது. வாசிப்பதை நிறுத்தவில்லை; குழு நிற்காதவரை நான் நிற்பதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். குழு நின்றிருந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த சிஸ்டரும் பொத்திக்கொண்டிருந்தார். எல்லா வாய்களும் மூடியிருந்தன. நான் ஒருத்திதான் வாசித்துக்கொண்டிருந்தேன். பெலிக்ஸ் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான்.

"கீச்சுன்னு கத்துச்சு ஆன்ட்டி. ஸ்பீக்கர் பக்கத்துல இருந்தா செமி ஹாலோ கத்தும்."

"தெரியும்" என்றேன்.

எனக்கு எந்தக் கீச்சும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிவிட்டுக் குழுவில் நிற்கவில்லை. நடு வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். குழுவில் முன்வரிசைப் பெண்களின் வாயும் பின்வரிசை ஆண்களின் வாயும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. சாமியார் பீடத்தில் காத்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

அழைப்பு மணியை நானே அழுத்தினேன். பொத்தானில் விரல் வைத்தால் சுவர் அதிர்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிறிஸ்டோபெல்லை உட்கார வைத்துக் கேட்டேன். எத்தனை நாளாக?

"ரெண்டு வருஷமா கொஞ்சம். போன வருஷத்துலேருந்து நெறைய."

"உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

"கோயில் பூனைக்குக்கூடத் தெரியும் அண்ணி."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே. நாலு தடவை. நாலு தடவையும் நான் உதட்டுக்குள்ள பேசுறேன்னு சொல்லி எனக்குப் பேச்சுப் பயிற்சி குடுத்தீங்க."

அதன் பிறகு ஒன்று சொன்னாள். பெலிக்ஸ் என் பழைய கிதாருக்கு வைக்கும் மைக்கைப் பற்றி ஏதோ மறைக்கிறான், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று.

ஏப்ரல் 9, புதன்

பெலிக்ஸ் வந்தான். பிஸ்கட்டைத் தொடவில்லை.

"போன செப்டம்பர், மாதா பிறந்தநாள் பூசையிலேருந்து ஆன்ட்டி. மெல்லிசா இருக்கிற ரெண்டு தந்தியும் எறங்கியே இருந்துச்சு. டியூனர் குடுத்தா வாங்க மாட்டீங்க. உங்க மைக்கை மூடிட்டேன். நீங்க வாசிப்பீங்க, வெளிய போவாது."

ஏழு மாதம். கிறிஸ்துமஸ் உட்பட. நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து காற்றைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறேன். மாசிலாமணியின் மௌனத்துக்கும் விளக்கம் கிடைத்தது.

"பொம்மைபோல உட்கார வைத்தாயா?" என்றேன். "அதற்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்."

அவன் முதல் முறையாக என்னிடம் குரலை உயர்த்தினான். நன்றாகவே கேட்டது.

"அனுப்பிட்டு? போன ஞாயிறு பாத்தீங்கல்ல, நீங்க பெஞ்சுல உக்காந்தீங்க, பல்லவி மூணு தடவையும் மூணு வேகத்துல போச்சு. நான் கீபோர்டுக்குப் பின்னாடி இருக்கேன், என் தலைதான் தெரியும். எல்லாரும் உங்க வலது கையைப் பாத்துத்தான் எடுக்கிறாங்க ஆன்ட்டி. அந்தக் கை ஒரு தடவைகூடத் தப்புனதில்ல. பொம்மையாம்!"

பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். பிறகு அவன் பிஸ்கட்டை எடுத்தான்.

பொய் சொல்லிக் காப்பாற்றியதை மன்னிக்க எனக்கு இன்னும் சில நாள் வேண்டும். காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல நாள் வேண்டியதில்லை. இன்றே எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

குப்புராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியூரில் இருக்கும் என் மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

"அப்போ சாலிட் எடுத்துக்குங்க மேடம்" என்றார். "கத்தவே கத்தாது. தூண் பக்கத்துலயே உக்காரலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நிம்மதி."

உண்மைதான். அது கத்தாது, என்னைக் காட்டிக்கொடுக்காது. பெலிக்ஸ் மிக்ஸரில் என் சத்தத்தை இறக்கி வைத்துவிட்டால் நாற்பத்தொன்றாவது பாஸ்காவும் கௌரவமாக முடியும். இரண்டையும் மாறி மாறி மடியில் வைத்துப் பார்த்தேன். சாலிட் பாடியில் எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. சிவப்புக் கிதார் விலாவில் பேசியது.

"இது வேண்டும்."

"கத்துமே."

"கத்தட்டும். கத்தினால் என் தோளைத் தட்ட ஆள் வைத்துக்கொள்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன டியூனரைக் கிதாரின் தலையில் கவ்வ வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோச்சுக்காதீங்க. இதுக்கும் காது கெடையாது மேடம். மைக்கே இல்ல. மரத்தோட நடுக்கத்தைத் தொட்டுப் பாத்துத்தான் ஸ்ருதி சொல்லுது. உங்க ஜாதி."

வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

காலையில் காது பரிசோதனை. மேல் ஸ்வரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. சோதனைக்கு ஒரு கருவியை மாட்டினார்கள். எதிரில் இருந்த பெண் சீட்டை மடித்தாள். காகிதம் மடிந்தால் சத்தம் வரும் என்பதையே மறந்திருந்தேன். என் கருவி ஈஸ்டருக்குப் பிறகு வரும்.

மாலை ஒத்திகையில் குழுவின் முன் நின்று, எனக்குக் காது கேட்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொன்னேன். யாரும் வியப்பதுபோல நடிக்கவில்லை, அதற்கு நன்றி. விதிமுறைகள்: என் நாற்காலி தூணிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, ஆம்புக்குப் பக்கவாட்டில். ஸ்ருதி இறங்கினால் பெலிக்ஸ் இடது கையைத் தூக்க வேண்டும். கிதார் கத்தினால், எனக்கு அருகில் நின்று பாடும் கிறிஸ்டோபெல் என் தோளைத் தட்ட வேண்டும்.

"பலமா தட்டலாமா?" என்று கேட்டாள்.

கடைசி விதி பெலிக்ஸுக்கு: பூசைக்கு முன் மிக்ஸரில் என் ஒலியளவுப் பொத்தான் எங்கே நிற்கிறது என்று என் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவ அறிக்கை. ஆணவம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழலாம் என்று பார்த்தேன். சாமியார் விவரம் கேட்டார். எலெக்ட்ரீஷியன், குக்கர், அணில்கள் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் எலெக்ட்ரீஷியனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "மறுபடியும் ரிப்பேரா?" என்றார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வானவர் கீதம் பாடும்போது மணிகள் அடித்து, பிறகு ஓய்ந்தன. சனிக்கிழமை வானவர் கீதம் வரை கோயிலில் மணியும் இல்லை, கருவியும் இல்லை. சிவப்புக் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினேன். இதுவரை இந்த இரண்டு நாள் மௌனத்தைச் சகிக்க முடியாமல் தவிப்பேன். இந்த ஆண்டு ஊர் முழுவதும் என்னோடு சேர்ந்து மௌனமாகிறது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டினார்கள். அது கேட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

நேற்று ஏழு மணிக்குப் பாஸ்கா வழிபாடு தொடங்கியது. அதற்கு முன்பே பெலிக்ஸ் என்னை மிக்ஸரருகே அழைத்துப் போனான். என் பொத்தான் ஏழு மாதம் அடிமட்டத்தில் கிடந்தது. விரலால் மேலே தள்ளினான். "இன்னும்" என்றேன். "ஆன்ட்டி..." என்றான். "இன்னும் கொஞ்சம்."

வாசகங்கள் முடிந்தன. விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. பீடப் பிள்ளைகளின் கைகளில் மணிகள் குலுங்குவதைப் பார்த்தேன். பெரிய மணி தரை வழியாகக் காலில் வந்தது. வலது கையை உயர்த்தினேன். நாற்பது முகங்கள் அந்தக் கையைப் பார்த்தன. இத்தனை ஆண்டு நான் ஸ்வரத்தை மட்டுமே கவனித்ததால் அந்த முகங்களைப் பார்த்ததே இல்லை.

கையை இறக்கினேன். விலா முழுவதும் பதில் சொன்னது.

பெலிக்ஸின் இடது கை ஒரு முறை எழுந்தது, இரண்டாம் தந்திக்கு. அடிகளுக்கு நடுவில் திருத்தினேன். கிறிஸ்டோபெல் ஒரு முறை தட்டினாள். கிதார் கத்தியதால் அல்ல என்று பிறகு ஒப்புக்கொண்டாள், சும்மாதானாம்.

பூசை முடிந்து வாசலில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாசிலாமணி வந்தார். எனக்கு எதிரே நின்று, கையை ஆட்டி, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்:

"என்னம்மா இது? உங்க கிதார் இன்னிக்குக் காதைப் பொளக்குது! பாட்டே கேக்கல!"

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். மனிதர் பயந்துவிட்டார்.

இன்றைய நன்றி: திரு. மாசிலாமணி.